உயரமா? அகலமா?

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், குமணன்சாவடி)



குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் நின்று ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிப் பாருங்கள். நெடுஞ்சாலையின் நடுவே வரிசையாகத் தூண்கள். அவற்றின் மேல் மெட்ரோ ரயிலுக்கான பாலம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26 கி.மீ. நீளத் தடத்தில் இது ஒரு பகுதி. சிவில் படிக்கிறவன் என்ற முறையில் அதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே இடத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் கூவம் ஆறு வந்துவிடும். கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றிலிருந்து பிரிந்து, திருவள்ளூர் மாவட்டத்து ஏரிகளின் உபரி நீரையும் வாங்கிக்கொண்டு வருகிற ஆறு. பட்டணத்துக்குள்தான் அது சாக்கடை. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் அது உண்மையான ஆறு. அதன் அக்கரையில் ஒரு சிறு ஊர். என் வகுப்புத் தோழன் ஒருவனின் ஊர். பேர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இக்கரைக்கு வர இருந்தது ஒரே ஒரு தரைப்பாலம். 2021 நவம்பர் மழையில் அதன் பாதி போய்விட்டது. இன்றுவரை பைப்பைப் போட்டு, மேலே கிராவல் மண் கொட்டி, அதன்மேல்தான் போய் வருகிறார்கள். ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்த மண்ணும் ஆற்றோடு போகிறது. தையில் மறுபடி கொட்டுகிறார்கள்.

இது அந்த ஒரு ஊர் சங்கதி மட்டுமல்ல. அதே 2021 நவம்பரில் திருமழிசை - ஊத்துக்கோட்டை சாலையில் புதுச்சத்திரத்தில் கூவத்தின் மேலிருந்த தரைப்பாலம் உடைந்து போக்குவரத்து நின்றது. பாலாற்றில் மாதனூருக்கும் உள்ளிக்கும் நடுவே இருந்த தரைப்பாலத்தை அதே மாதம் வெள்ளம் கொண்டுபோனது. மதுரவாயல், நூம்பல் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்குவது மழைக்காலத்துச் செய்தி. ஆக, 'போன பாலத்துக்குப் பதில் என்ன கட்டுவது?' என்பது தமிழ்நாட்டில் பல ஊர்களின் கேள்வி. இதற்கு எல்லோரும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். நானும் வைத்திருந்தேன். அது தப்பு என்று புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று கட்சி

தோழன் வீட்டுக்குப் போனால் டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சுதான். ஊர் மூன்று கட்சியாக இருக்கிறது. (அரசியல் கட்சி இல்லை, பாலக் கட்சி!)

முதல் கட்சி: "இருந்த மாதிரியே சீக்கிரமா கட்டிக் குடுத்தா போதும்பா. பெரிசா கேட்டா இருபது வருஷம் ஆவும்."

இரண்டாம் கட்சி: "இனிமே தரைப்பாலமே வேணாம். ஹை லெவல் பிரிட்ஜ்தான். பஸ்ஸு ஒரு நாள் கூட நிக்கக் கூடாது."

மூன்றாவது கட்சியில் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதில்லை. தோழனின் அம்மா கீரைக் கட்டு தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்கு வருகிறவர். அவர் சொன்னது: "வண்டி போவுதோ இல்லையோ, நடந்து போறதுக்கு ஒரு வழி வேணும் தம்பி. தண்ணி வந்தா சுத்திக்கினுதான் போறோம். ஷேர் ஆட்டோவுக்கே பாதி வருமானம் போயிடுது."

நான் இரண்டாம் கட்சி. சந்தேகமே இல்லாமல்! மூன்றாம் செமஸ்டர் முடித்த கையோடு கிராஃப் தாளில் ஒரு பாலமும் வரைந்து காட்டினேன். உயரமான தளம், நடுவில் மூன்று கண், இரண்டு பக்கமும் மண் கொட்டி மேடாக்கிய அணுகுசாலை. டீக்கடையில் எல்லோரும் "பரவாயில்லையே!" என்றார்கள். டீக்குக் காசு கூட வாங்கவில்லை.

பழையபடியே கட்டினால்?

முதலில் முதல் கட்சிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பழைய தரைப்பாலம் ஏன் போனது? 'வெள்ளம் வந்தது, போனது' என்று சொல்வது பதிலே இல்லை.

ஒரு கணக்கு பாருங்கள். உதாரணத்துக்குத்தான். வெள்ளத்தில் ஆறு 40 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் ஓடுகிறது என்று வையுங்கள். தண்ணீர் போக வேண்டிய வழி 80 சதுர மீட்டர். தரைப்பாலத்துக்கு அடியில் ஒரு மீட்டர் விட்டமுள்ள சிமெண்ட் பைப் பத்து போடுகிறோம். ஒரு பைப்பின் வாய் 0.785 சதுர மீட்டர். பத்துக்கும் சேர்த்து எட்டு கூட இல்லை. பத்தில் ஒரு பங்கு! அதிலும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் வந்து அடைத்துக்கொண்டால் மிச்சம் என்ன? அது பாலம் இல்லை நண்பர்களே, குறுக்கே போட்ட அணை.

அணையை என்ன செய்யும் ஆறு? ஏறிக் குதிக்கும். குதிக்கிற தண்ணீர் கீழ்ப்பக்கத்து மண்ணைப் பறிக்கும். அங்கே கல் பரப்பிய ஏப்ரானும், ஆழமாக இறக்கிய தடுப்புச் சுவரும் இல்லையென்றால் அடிமண் கரைந்து பள்ளம் விழும். பள்ளம் மெல்ல மெல்லப் பாலத்துக்கு அடியில் நுழையும். மேலே தளம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் ராத்திரி பொத்தென்று உட்காரும். தரைப்பாலம் மேலிருந்து உடைவதில்லை, காலிலிருந்துதான் உடைகிறது. ஆகவே 'இருந்த மாதிரியே' என்றால் 'போன மாதிரியே' என்று அர்த்தம்.

உயரமாகக் கட்டினால் போதுமா?

'அதான் ஹை லெவல் கேட்கிறோம்' என்பீர்கள். சரி, திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போவோம். சாத்தனூர் அணை இருக்கிற தென்பெண்ணை ஆறு. அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் உயர்மட்டப் பாலம் கட்டி 2024 செப்டம்பரில் திறந்தார்கள். டிசம்பரில் அது இல்லை! மூன்றே மாதம்.

என்ன நடந்தது? ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு உள் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறக்க வேண்டி வந்தது. பாலத்தை வடிவமைத்தபோது கணக்கில் எடுத்த தண்ணீரைப் போலப் பல மடங்கு வந்துவிட்டது என்பது அரசுத் தரப்பு விளக்கம். தரம் சரியில்லை என்றது எதிர்த்தரப்பு. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. மாணவன் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த விளக்கத்தையே அப்படியே எடுத்துக்கொண்டாலும், பாலத்தின் தலையெழுத்து கான்கிரீட் கலக்குவதற்கு முன்பே எழுதப்படுகிறது. 'எவ்வளவு தண்ணீர் வரும்?' என்ற ஒரே கேள்விக்கு ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிற ஒரே எண்ணில்.

'ஐம்பது ஆண்டு வெள்ளத்துக்கு வடிவமைத்தோம்' என்று சொன்னால் ஐம்பது வருஷத்துக்குக் கவலையில்லை என்று நினைக்கிறோம். அப்படியில்லை. எந்த ஒரு வருஷத்திலும் அது வர நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு என்றுதான் அர்த்தம். கால்குலேட்டரில் 0.98-ஐ ஐம்பது தடவை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள். ஐம்பது வருஷத்தில் ஒரு தடவையாவது அந்த வெள்ளம் வர 64 சதவீத வாய்ப்பு! நூறு ஆண்டு வெள்ளத்துக்கே 40 சதவீதம். வராது என்பதைவிட வரும் என்பதே நியாயமான பேச்சு. அதிலும் வயல்கள் மனைகளாகி, மழைநீர் மண்ணில் இறங்க இடமில்லாமல் ஓடிவருகிற எங்கள் பக்கத்தில் பழைய கணக்கு எத்தனை நாளைக்குச் செல்லும்?

இன்னொன்று அஸ்திவாரம். ஓடுகிற தண்ணீர் தூணைச் சுற்றி மண்ணைத் தோண்டும். லேசி என்ற எஞ்சினீயரின் சூத்திரத்தில் வரும் அரிப்பு ஆழத்தைத் தூணடியில் இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரஸ் விதி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். 1928-ல் கட்டிய திருச்சி கொள்ளிடம் பழைய பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சரிந்து விழுந்ததை டி.வி.யில் பார்த்தோமே! நல்லவேளை, அதற்கு முன்பே பக்கத்துப் புதுப் பாலத்துக்குப் போக்குவரத்தை மாற்றியிருந்தார்கள். தளம் எத்தனை உயரத்தில் இருந்தால் என்ன? ஆறு தேடுவது காலை.

ஆயா காட்டிய கோடு

இத்தனையும் புத்தகத்தில் இருந்தது. ஆனாலும் என் கிராஃப் தாள் பாலத்தில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தேகத்தைக் கொண்டுவந்தவர் தோழனின் ஆயா.

சர்வே கேம்ப் முடிந்த சமயம். தெரிந்த மேஸ்திரி ஒருவரிடம் லெவல் மிஷினும் ஸ்டாஃபும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கினோம். நாலு பேர் போனோம். ஆற்றின் குறுக்கே ஐந்து மீட்டருக்கு ஒரு ரீடிங். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆயா கேட்டார்:

"இன்னாப்பா, பள்ளத்த மட்டும் அளக்குறீங்க? தண்ணி அங்கேயா போச்சி?"

"பின்ன எங்க ஆயா போச்சு?"

"இங்க வா" என்று கூட்டிக்கொண்டு போனார். ஆற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, தாழ்ந்த தெரு. அங்கே கோயில் மண்டபத் தூணில் காவிக்கல்லால் ஒரு கோடு. 2015 டிசம்பர் தண்ணீர் நின்ற மட்டம். "ஆத்துல பாதி, இந்தப் பக்கமா பாதி. பாலத்துக்கு வெளியால சுத்திக்கினு போச்சி. அப்பிடி போனதாலதான் எங்க ஊடு நின்னுச்சி."

கோட்டுக்கு ஸ்டாஃப் பிடித்தோம். என் பாலத்தின் தளத்தோடு ஒப்பிட்டேன். தளம் கோட்டுக்கு மேலேதான் இருந்தது. மனசுக்குள் ஒரு சந்தோஷம். 'பாத்தியா, நம்ம டிசைன் பாஸ்!' அடுத்த நிமிஷமே வயிற்றைக் கலக்கியது. ஆயா காட்டிய அந்தப் பக்க வழியில்தான் நான் மண் கொட்டி அணுகுசாலை வரைந்திருந்தேன்! அந்தத் தண்ணீர் இனி எங்கே போகும்? மேல்பக்கம் தேங்கி ஏறும். ஏறினால் முதலில் போவது அந்தத் தாழ்ந்த தெரு.

என் பாலம் தப்பும். ஆயா வீடு தப்பாது.

டீக்கடையில் "பரவாயில்லையே" என்றவர்கள் எல்லோரும் மேட்டுத் தெருக்காரர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாழ்ந்த தெருவிலிருந்து யாரையும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

என் கட்சி

இப்போது நான் நான்காவது கட்சி. அதன் கொள்கை ஒரே வரி: காசு குறைந்தால் உயரத்தில் குறை, அகலத்தில் குறைக்காதே. உயரம் குறைந்தால் வருஷத்தில் சில நாள் பஸ் நிற்கும். அகலம் குறைந்தால் ஒரு நாள் தெருவே போகும். இரண்டும் ஒன்றாகுமா?

பணம் தாராளமாக இருந்தால் உயர்மட்டப் பாலமே கட்டட்டும். ஆனால் ஆற்றுப் பள்ளத்துக்கு மட்டும் கண் விட்டால் போதாது. வெள்ளம் பரவிப் போகிற மொத்த அகலத்துக்கும் வழி வேண்டும். அணுகுசாலை மண்மேட்டுக்குப் பதில் அங்கேயும் கண்கள் வேண்டும். செலவு கூடத்தான் செய்யும். அதற்கு வழியில்லையென்றால் அரைகுறை உயர்பாலத்தைவிட ஒழுங்கான தரைப்பாலமே மேல். ஒழுங்கான என்றால், பைப்புக்குப் பதில் அகலமான கான்கிரீட் பெட்டிக் கண்கள், இரண்டு பக்கமும் ஆழத் தடுப்புச் சுவர், கீழ்ப்பக்கம் ஏப்ரான், தண்ணீர் மேலே ஏறி ஓடினாலும் தாங்குகிற தளம், அளவுக்கோடு போட்ட கம்பங்கள், தண்ணீர் ஏறியதும் மூட ஒரு கேட். இந்தக் கேட் விளையாட்டில்லை. இரண்டடி ஓடும் தண்ணீர் காரையே மிதக்கவிடும். 'நம்ம ஊர் ஆறுதானே' என்று வண்டியை விட்டுப் போய்ச் சேர்ந்தவர்கள் ஒவ்வொரு மழைக்கும் உண்டு.

'அப்போ தண்ணீர் ஓடுகிற நாளில் ஊர் என்ன செய்யும்?' நியாயமான கேள்வி. அதற்குத்தான் கீரைக்கட்டு அம்மாவின் கட்சியை நான் முதல் இடத்தில் வைக்கிறேன். பக்கத்திலேயே உயரத்தில் ஒரு நடைபாலம். கர்நாடகத்தில் சுள்ளியாவைச் சேர்ந்த கிரீஷ் பாரத்வாஜ் என்பவர் மெக்கானிக்கல் எஞ்சினீயர். 1989-ல் ஒரு தொங்கு நடைபாலம் போட்டுக் கொடுத்தவர், பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்குப் போட்டார். இரும்புக் கயிறு, இரண்டு கரையிலும் கோபுரம், நடக்கப் பலகை. ஆற்றுக்குள் தூணே இல்லாததால் ஆற்றுக்கு அதன்மேல் கோபமும் இல்லை. 2017-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மெக்கானிக்கல் நண்பர்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

அவசரத்துக்கு இன்னொரு வழியும் உலகத்துக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் உருவாக்கியது. இரும்புச் சட்டங்களைப் பின் போட்டு இணைத்துக் கரையிலிருந்து தள்ளிவிடும் பாலம். 2024-ல் வயநாடு நிலச்சரிவின்போது சூரல்மலையில் 190 அடி நீள பெய்லி பாலத்தை ராணுவத்தின் மெட்ராஸ் எஞ்சினீயர் குரூப் ஒன்றரை நாளுக்குள் முடித்தது. மீட்பு வேலையே அதன்மேல்தான் நடந்தது. எல்லா ஊருக்கும் ராணுவம் வர முடியாது. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு செட் பெய்லி சட்டங்கள் இருப்பில் இருந்தால், பாலம் போன ஊர் வருஷக்கணக்கில் மண்ணையே கொட்டிக்கொண்டிருக்க வேண்டாமே!

யார் முடிவு செய்வது?

கட்டுவது யார் என்றால் ஊராட்சி ஒன்றியம் நெடுஞ்சாலைத் துறையைக் காட்டும். ஆறு நீர்வளத் துறையுடையது. நிதி இன்னொரு இடம். ஒருவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. ஒவ்வொருவர் மேஜையிலும் ஒரு துண்டுதான் இருக்கிறது. முழுப்படம் இருக்கிற ஒரே இடம் அந்த ஊர்.

தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை. அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். 'பாலம் வேண்டும்' என்று ஒரு வரித் தீர்மானம் போட்டு அனுப்பினால் ஒரு வரிப் பதில்தான் வரும். அதற்குப் பதிலாக மூன்று தாள் வைக்கலாமே. ஒன்று, ஆற்றின் குறுக்குவெட்டுப் படம், வெள்ளக் கோடுகளோடு. இரண்டு, வருஷத்தில் எத்தனை நாள் வழி அடைபடுகிறது என்ற டைரி. மூன்று, ஒரு நாளில் எத்தனை பேர் நடந்தும், எத்தனை பேர் வண்டியிலும் கடக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. மேட்டுத் தெரு, தாழ்ந்த தெரு இரண்டும் உட்கார்ந்து பார்த்த பிறகு கையெழுத்து. எஸ்டிமேட் வந்ததும் எவ்வளவு தண்ணீருக்குக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்க 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

'இதெல்லாம் பெரிய எஞ்சினீயர் வேலை' என்பார்கள். டிசைன் அவர்கள் வேலைதான். தூணைத் தீர்மானிக்க நமக்குத் தகுதி வரவில்லை. என் கிராஃப் தாளே அதற்குச் சாட்சி. ஆனால் லெவல் எடுக்க நமக்குத் தெரியும். ஆட்களை எண்ணத் தெரியும். ஆயாவிடம் "தண்ணி எங்க வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்கத் தெரியும். அந்தக் காவிக்கல் கோடு அடுத்த வெள்ளையடிப்பில் அழிந்துவிடும். அதைக் கண்ட கண்களும் எத்தனை நாளைக்கு?

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் சர்வே கேம்பில் ஏதோ ஒரு குன்றை அளந்து, ரெக்கார்டு எழுதி, மார்க் வாங்கிக் கட்டிவைக்கிறோம். அடுத்த கேம்பைக் கூவம் கரையில் போடச் சொல்லி நம் ஆசிரியர்களிடம் கேட்போம். ஒரு பேட்ச்சுக்கு ஒரு தரைப்பாலம். ரெக்கார்டின் ஒரு நகல் காலேஜுக்கு, ஒரு நகல் அந்த ஊர் கிராம சபைக்கு.

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். குமணன்சாவடி, கரையான்சாவடி என்று எங்கள் ஊர்ப் பேரிலேயே நடந்து போகிறவனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. தலைக்கு மேலே ரயிலுக்குப் பாலம் போட்ட காலத்தில், கீரைக் கட்டோடு வருகிற அம்மாவுக்கு ஒரு நடைபாலம் போட முடியாதா?

முடியும் நண்பர்களே. முதலில் ஆற்றைக் கேட்போம். ஆயாவைக் கேட்போம். பிறகு கட்டுவோம்!